பாதியில் விட்ட ஓட்டம்

சைலன்சர் சுட்டது.

மாஸ்டர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு விரல்நுனியை ஊதினார். அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது. ஷெட்டின் தகரக் கதவை அவரே இந்த நிமிடம்தான் பூட்டுத் திறந்து உள்ளே வந்திருந்தார். சாவி இன்னும் சுண்டுவிரலில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே எப்போதும் இருக்கும் பழைய டயர் வாசனை, மழைத்தண்ணீர் இறங்கிய சுவரின் வாசனை, இரண்டுக்கும் மேலாக, வெகுதூரம் ஓடிவந்து இப்போதுதான் மூச்சு வாங்கி நிற்கும் இன்ஜினின் கருகல் எண்ணெய் வாசனை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் டிக், டிக் என்று இரும்பு ஆறி ஒடுங்குகிற சத்தம். அந்த பைக்கை அவர் நேற்று ஸ்டார்ட் செய்யவில்லை. முந்தாநாளும் செய்யவில்லை. சொல்லப்போனால், மெக்கானிக் அதைச் சரிபண்ணிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனதிலிருந்து அதன் சாவியைத் திருப்பிப் பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் வந்திருக்கவில்லை.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி மாஸ்டருக்கு வண்டி ஓட்டப் பயம் என்றால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். தன் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கிற பயிற்சிக் காரில் அவர் சிங்கம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் லாரிக்கு நேரே விட்டாலும் கொட்டாவி விட்டுக்கொண்டே நிறுத்துவார். இரண்டு சக்கரம் என்றால் மட்டும் பக்கத்திலேயே போகமாட்டார். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு தூறல் நாளில், கைக்குழந்தையும் திரும்பிவிடக்கூடிய ஒரு சாதாரணத் திருப்பத்தில் முன்சக்கரம் வழுக்கி, முழங்கை எலும்பு முறிந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது. மனசுதான் சேரவில்லை.

இப்போது அவர் போகவேண்டிய தூரமோ நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. முதலில் சமவெளி, பிறகு செம்மண் காடு, பிறகு ஒரு பெரிய மலை. மலையை இறங்கினால் கடற்கரைச் சாலை. சாலை முடிகிற இடத்தில் துறைமுகம். அங்கிருந்து ஆளையும் வண்டியையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு தீவுக்குப் போகும் கப்பல். தீவில் அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள், மகள் அவளோடு. பருவம் மாறிக் கடல் கொந்தளிக்க ஆரம்பித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். மறுபடி விடுவதற்குள் மனைவி வேறொரு நாட்டில் வேலைக்குச் சேர்ந்திருப்பாள், மகளையும் கூட்டிக்கொண்டு. அதற்குப் பிறகு பிள்ளையின் முகத்தை எப்போது பார்ப்பாரோ.

பைக்கில் வந்து மகளைப் பின்னால் உட்காரவைத்துத் தீவை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்தது ஒரு தடவையா? ஒவ்வொரு தடவையும் கடைசி நேரத்தில் ஏதாவது ஒரு சாக்கு. இந்தமுறை அவள் சிணுங்கக்கூட இல்லை.

"சரிப்பா. இந்தத் தடவையும் வரலேன்னா விடுங்க. இனிமே நான் கேக்க மாட்டேன்."

"பஸ்ல வரட்டுமா கண்ணு? பஸ்ல வந்தா நிச்சயமா வந்துடுவேன்."

"பஸ்ல வர்ற அப்பாவ நான் கூப்பிடவே இல்லையே."

பாவாடைக்கு நாடா கட்டத் தெரியாத வயசில் பேசுகிற பேச்சா அது? அன்றைக்கே அவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, மூலையில் தூசி தின்றுகொண்டிருந்த வண்டியைத் தூக்கிக் கொடுத்தார். கூடத்துச் சுவரில் நாட்டின் வரைபடத்தை ஒட்டினார். சிவப்பு மையால் பாதையைக் கீறினார். எங்கே தங்குவது, எங்கே பெட்ரோல் போடுவது, எந்தத் திருப்பத்தில் மணல் கிடக்கும், எந்தப் பாலம் ஈரத்தில் வழுக்கும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, போய்வந்தவர்கள் எடுத்துப் போட்டிருந்த வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தார். கப்பலுக்கு முன்பதிவும் ஆயிற்று. ஓட்டுவது ஒன்றுதான் பாக்கி.

அதற்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். அவருடைய பயிற்சிப் பள்ளியில் புதிதாய் வருகிறவர்களை ரோட்டுக்குக் கொண்டுபோகுமுன் நிற்கிற வண்டியில் உட்காரவைத்து, கண்ணை மூடச்சொல்லி, போகப்போகிற பாதை முழுக்க வாயாலேயே ஓட்டச் சொல்வது வழக்கம். சாவி. நியூட்ரல். கிளட்ச். முதல் கியர். கண்ணாடியில் பார்க்கிறேன், கிளம்புகிறேன், இடது பக்கம் பள்ளிக்கூடம், ஹாரன் அடிக்கிறேன். இப்படியே போய்ச் சேரும்வரைக்கும். பையன்கள் இதற்கு வாயோட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கேலியாக வைத்த பெயர்தான். ஆனாலும் நடுங்கிய கைகள் எத்தனையோ அதில் நடுக்கம் விட்டிருக்கின்றன.

வாயோட்டத்துக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. பாதியில் எழுந்துவிடக் கூடாது. தும்மல் வந்தாலும் சரி, வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டாலும் சரி, வண்டியை மனசுக்குள் ஓரங்கட்டி, பிரேக் போட்டு, சாவியை எடுத்து, காலைத் தரையில் ஊன்றிய பிறகுதான் இறங்க வேண்டும். பள்ளியை ஆரம்பித்த முதலாளி இதில் மகா முரடர். "வண்டிய நடுரோட்டுல ஓடவிட்டுட்டு எங்கய்யா எந்திரிச்சுப் போற?" என்று கத்தி, எழுந்தவனைத் திரும்ப உட்காரவைப்பார். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மாஸ்டரும் அந்தக் காலத்தில் சிரித்தவர்தான். மாஸ்டரான பிறகு அதே கண்டிப்பைத் தானும் பிடித்துக்கொண்டார், காரணம் கேட்காமல்.

அப்படித்தான் தினமும் வேலை முடிந்து வந்ததும், வெளிச்சம் மங்குகிற நேரத்தில், ஷெட்டுக்குள் பைக்கில் ஏறி உட்கார்ந்து, ஹெல்மெட்டை மாட்டி, கையுறை போட்டு, கண்ணை மூடி ஒவ்வொரு கட்டமாக ஓட்டிவந்தார். சமவெளி முடிந்தது. செம்மண் காடு முடிந்தது. ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒழுங்காக நிறுத்தி, ஒழுங்காக இறங்கினார். நேற்று மலை. ஏறுவது ஒருவழியாய் ஆயிற்று. இறக்கத்தில் மூன்றாவது கியரில், காடு இரண்டு பக்கமும் நெருங்கிவரும் ஒரு வளைவில் அவர் வண்டியைச் சாய்த்த நேரம், போன் அடித்தது. மகள். அவளாகக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று! ஹெல்மெட்டைக் கழற்றி எறியாத குறையாய்க் குதித்து இறங்கிக் கூடத்துக்கு ஓடினார். கப்பல் டிக்கெட் எடுத்தாச்சா, எந்த ஜாக்கெட் போட்டுட்டு வருவீங்க, தூரத்துலேர்ந்தே உங்கள அடையாளம் கண்டுபிடிக்கணும்ல என்று அவள் கேட்டதில் அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "கறுப்பு ஜாக்கெட், சிவப்பு ஹெல்மெட்டுடா," என்று இரண்டு தடவை சொன்னார். சாப்பிட்டார். படுத்தார். மலை வளைவில் ஓடிக்கொண்டிருந்த வண்டி அவர் நினைப்பிலேயே இல்லை.

இதோ, சைலன்சர் சுடுகிறது. தகரக் கூரையின் சூடு என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். விடியற்காலையில் கூரைக்கு ஏது சூடு? சரி, என்னமோ ஒன்று என்று கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

அன்று சாயங்காலம் மெக்கானிக் வந்தான். பின்னால் பெட்டி வைக்கக் கம்பிச் சட்டம் மாட்ட வேண்டியிருந்தது. அவனுக்கு ஊரில் ஸ்பேனர் என்றுதான் பெயர். ஆள் ஒல்லி, தலை மட்டும் பெரிசு. மாஸ்டரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன் ஆனதால் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. வண்டியின் பக்கத்தில் குந்தினவன் முன்சக்கரத்தை முகர்ந்து பார்த்தான். பிரேக் தகட்டை விரலால் தடவினான். பிறகு நிமிர்ந்து கண்ணடித்தான்.

"கள்ளா. சொல்லவே இல்ல?"

"என்னத்த?"

"நீலம் பாஞ்சிருக்கு பாரு. மலையில பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே இறங்கினாத்தான் இப்படி ஆகும். கியர்ல இறங்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுப்ப, நீ பண்ற காரியம் இது."

"மலையா? நம்ம ஊர்ல மேடே கிடையாதேடா."

"அதான் நானும் கேக்கறேன். எங்க போயிட்டு வந்த?" ஸ்பேனர் செயின் மூடிக்குள் இரண்டு விரலை விட்டு எதையோ உருவினான். அகலமான, கரும்பச்சையான, ஓரத்தில் பல்பல்லாய் இருந்த ஓர் இலை. இன்னும் வாடவில்லை. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன். பயம் போச்சுல்ல? அது போதும் எனக்கு. நல்லா இருடா."

அந்த இலையை மாஸ்டர் வீடியோவில் பார்த்திருந்தார். மலைக்காட்டில் ரோட்டின் மேல் கூரைபோல் கவிந்திருக்கும் மரத்தினுடையது. ஸ்பேனர் சந்தோஷமாய்ப் பாட்டை முனகிக்கொண்டு போல்ட்டு முடுக்கினான். அவனிடம் சொல்லத்தான் வாயெடுத்தார். என்னவென்று சொல்வது? பூட்டின ஷெட்டிலிருந்து வண்டி தானாய் மலைக்குப் போய்வருகிறது என்றா? இன்னும் கொஞ்ச நாளில் கிளம்பப் போகிறவனுக்குப் பயத்தில் புத்தி பிசகிவிட்டது என்று அவனே மனைவிக்குப் போன் போட்டுவிடுவான். பயணம் நின்றுபோகும். மகள் இனிமேல் கேட்கவே மாட்டாள்.

ஸ்பேனர் போனதும் அவர் ஷெட்டிலேயே நின்றார். கூரை ஓட்டை வழியே வந்த கடைசி வெளிச்சம் தரையில் ஓர் இடத்தில் விழுந்து, சிறுத்து, இல்லாமல் போயிற்று. அப்போதுதான் நேற்றைய போன் நினைவுக்கு வந்தது. குதித்து இறங்கியது. வளைவு. மூன்றாவது கியர். நிறுத்தவே இல்லையே.

போய் முடித்துவிட்டு வந்துவிடலாம். அவ்வளவுதானே. எங்கே விட்டோமோ அங்கே பிடித்து, மலையை இறங்கி, அடிவாரத்தில் ஓரங்கட்டி, சாவியை எடுத்துவிட்டால் தீர்ந்தது. ஏறி உட்கார்ந்தார். ஹெல்மெட்டை மாட்டினார். உள்ளே பஞ்சு ஈரமாய் இருந்தது, வேர்வை நாற்றமும் அடித்தது. தன்னுடையதுதான் என்று சொல்லிக்கொண்டார். கண்ணை மூடினார்.

வளைவு அங்கே இல்லை.

மலையே இல்லை. தட்டையான ஒரு சாலை நீண்டு கிடந்தது, இரண்டு பக்கமும் வெறும் மணல், எங்கோ ஒரு பக்கத்திலிருந்து அலையின் இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. கடற்கரைச் சாலை. அவர் இன்னும் ஓட்டிப் பார்க்காத கட்டம். எப்போதும் வாயோட்டத்தில் கண்ணுக்கு முன்னே கைப்பிடி தெரியும், மீட்டர் தெரியும், கண்ணாடியில் பின்னால் போகிற ரோடு தெரியும். இப்போது அவை ஒன்றும் இல்லை. முன்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தது. அவருடைய வண்டி. ஸ்பேனர் சற்றுமுன் மாட்டிய கம்பிச் சட்டம்கூட அதில் இருந்தது. ஓட்டிக்கொண்டு போனவனுக்குக் கறுப்பு ஜாக்கெட். சிவப்பு ஹெல்மெட். முதுகை லேசாய் வளைத்து, வலது முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்து, எலும்பு முறிந்தவன் உட்காருகிறமாதிரி.

"நில்லு," என்றார் மாஸ்டர். குரல் ஹெல்மெட்டுக்குள்ளேயே சுற்றியது. "பிரேக். ஓரங்கட்டு."

முன்னால் போனது திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, மேலும் கீழுமாய் நிதானமாக ஆட்டியது. பயிற்சிக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அவர் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற சைகை. வேகத்தைக் குறை. பின்னாலேயே இரு.

கண்ணைத் திறந்தபோது அவர் தரையில் கிடந்தார். எப்படி இறங்கினார் என்று தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எடுத்தார். முன்சக்கரத்தில் இரும்புச் சங்கிலி போட்டார். ஷெட்டுக்கு இரண்டு பூட்டு. கூடத்தில் விளக்கை எரியவிட்டு, சோபாவில் உட்கார்ந்தபடியே பிளக்கைக் கைக்குள் இறுக்கிக்கொண்டார். நாளைக்கே கிளம்பிவிட வேண்டும் என்று தீர்மானித்தார். பிளக்கை மாட்டி, உண்மையாக, கண்ணைத் திறந்துகொண்டு, விடிந்ததும். அது போய்ச் சேருவதற்குள் தான் போய்ச் சேர வேண்டும். எங்கே போய்ச் சேரும் அது என்று அவருக்குத் தெரியும். பாதையைத் தீட்டிக் கொடுத்தவர் அவர். தீவில் எந்தப் பள்ளிக்கூடம், எந்த வீடு, எந்தக் கேட் என்பதுவரை.

காலையில் பூட்டு இரண்டும் பூட்டினபடி இருந்தன. பிளக் கையில் இருந்தது. உள்ளங்கையில் அதன் மரைகள் பதிந்திருந்தன. ஷெட்டில் வண்டி இல்லை.

சங்கிலி ஒரு வட்டமாய்த் தரையில் கிடந்தது, பூட்டு திறக்கப்படாமல். எண்ணெய்க் கறை இருந்தது. ஆணியில் ஜாக்கெட் இல்லை, ஹெல்மெட் இல்லை. சிமென்ட் தரையெங்கும் மெல்லிய வெள்ளை மணல் இறைந்திருந்தது. கொஞ்சம் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு.

அவர் நின்ற இடத்திலேயே நிற்க, சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கப்பல் நிறுவனத்தின் குறுஞ்செய்தி. உங்கள் பயணச்சீட்டு சரிபார்க்கப்பட்டது, இருசக்கர வாகனம் ஏற்றப்பட்டது, இனிய பயணம் அமையட்டும். அவர் பதிந்திருந்தது அடுத்த வாரத்துக் கப்பல்.

துறைமுகத்துக்குப் போன் போட்டார். எடுத்த ஆள் வேலை நேரத்துச் சலிப்போடு பேசினான்.

"ஆமா சார், ஏறிட்டாரே. முன்னாடி கப்பல்லயே போறேன்னு சீட்ட நீட்டினாரு, இடம் இருந்துச்சு, மாத்திக் குடுத்தோம்."

"முகத்தப் பாத்தீங்களா?"

"ஹெல்மெட்டக் கழட்டுங்கன்னேன். கையால இப்படி இப்படின்னு என்னமோ சைகை காட்டினாரு. பேச வராதவர் போலன்னு விட்டுட்டேன். ஏன் சார், நீங்க யாரு?"

நான் யார். மாஸ்டர் போனை வைத்தார்.

மனைவியைக் கூப்பிட்டார், டியூட்டியில் போன் அலமாரிக்குள் இருக்கும், அவள் எடுக்கமாட்டாள் என்று தெரிந்தும் கூப்பிட்டார். மகளைக் கூப்பிட்டார், பள்ளியில் அணைத்து வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியின் பொது எண்ணுக்கு அடித்தார். யாரோ எடுத்து, சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்கள். ஸ்பேனர் ஓடிவந்து, திருட்டுப் போயிடுச்சா என்று தலையில் கைவைத்துக்கொண்டு போலீஸுக்குப் போனான். வெயில் ஏறியது. தகரம் படபடத்தது. கப்பல் கடலில் இருந்தது. கடல் நடுவில் வேறெதுவும் செய்ய முடியாது. அவர் ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை.

வெயில் தாழ்கிற நேரத்தில் மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம்ல? ஸ்கூலுக்கே போயிட்டீங்களாமே. பாப்பா குதிச்சுக்கிட்டு ஓடிவந்து ஏறிக்கிட்டான்னு டீச்சர் சொல்றாங்க. எங்க இருக்கீங்க ரெண்டு பேரும்? சாப்பிட வரவேணாமா?"

"நான் வீட்ல இருக்கேன்."

"யாரு வீட்ல?"

"நம்ம வீட்லம்மா. இங்க. நான் கிளம்பவே இல்ல. அது நான் இல்ல."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு அவருடைய குரல் தெரியும்.

"அப்ப யாருங்க?" என்றாள் மெதுவாக. பிறகு, "இருங்க. அவளுக்கு வீடியோ போடறேன். நீங்களும் லைன்ல சேருங்க. நான் ஓடிட்டே இருக்கேன்."

திரை மூன்றாய்ப் பிரிந்தது. மனைவியின் கட்டம் கறுப்பு. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள் போலிருக்கிறது, மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. ஷெட்டின் இருட்டில் அவருடைய கட்டமும் கறுப்பு. மூன்றாவதில் வெளிச்சம். காற்றில் தலைமயிர் பறக்க மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா! அப்பா வந்துட்டாரும்மா! பைக்லயே வந்துட்டாரு!"

அவளுக்கு முன்னால் கறுப்பு ஜாக்கெட்டின் முதுகு. போனை நீட்டிப் பிடித்து, முதுகில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரு கை அதன் இடுப்பைச் சுற்றியிருந்தது. படம் குலுங்கியது. சாலை இல்லை. பலகை. படகுத்துறையின் பலகைகள். இரண்டு பக்கமும் தண்ணீர். பலகைகள் கடலுக்குள் நீண்டு ஓரிடத்தில் முடிந்துவிடுகின்றன. வேகம் குறையவில்லை.

நிறுத்தத் தெரியாது அதற்கு. அந்த ஓட்டத்தை அவர் படிப்படியாக முடித்துக் கொடுக்கவே இல்லையே.

மாஸ்டர் எண்ணெய்க் கறைமேல் முழங்காலிட்டார். போனைத் தரையில் சாய்த்து வைத்தார். கண்ணை மூடவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத கைப்பிடியைப் பிடித்தார். "ஆக்சிலேட்டர விடு," என்றார். "மூணாவது. ரெண்டாவது. பின்பிரேக். மெதுவா. முன்பிரேக். கிளட்ச்."

இன்ஜின் இரைச்சல் இறங்கியது.

"முதல் கியர். பிரேக். பிரேக். நியூட்ரல். சாவி."

நின்றது. முன்சக்கரத்துக்கு அப்பால் இன்னும் கொஞ்சம் பலகை. அப்புறம் கடல்.

அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "கால ஊனு," என்றார். "பாப்பா, இறங்கும்மா. இறங்கி அம்மாகிட்ட ஓடு."

மகள் சிரித்தாள். "அய்ய, ஏம்பா ரெண்டு ரெண்டு தடவை சொல்றீங்க? ஹெல்மெட்டுக்குள்ளேர்ந்தும் கேக்குது, போன்லேர்ந்தும் கேக்குது." குதித்து இறங்கினாள். ஓடவில்லை. போனை சீட்டின் மேல் வைத்தாள். திரையில் இப்போது வானம் மட்டும். "குனிங்க, நான் கழட்டிவிடறேன். எவ்ளோ நேரம் மாட்டிட்டே இருப்பீங்க? வேர்க்கலையா?"

"தொடாத! பாப்பா, தொடாத!"

"தொடாத, பாப்பா, தொடாத," என்றது ஹெல்மெட், செல்லமாய், அவருடைய குரலில்.

அவள் சிரித்துக்கொண்டே வாரைத் தேடினாள். கிளிக்.

வானத்தின் ஓரத்தில் சிவப்பாய் ஏதோ வந்து அமர்ந்தது. ஹெல்மெட். காலியாக. உள்ளே பஞ்சு நனைந்து கறுத்திருந்தது.

சிரிப்புச் சத்தம் இல்லை.

அலை. ஆறுகிற இரும்பு. மனைவியின் மூச்சிரைப்பு. வெகுதூரத்தில்.

"பாப்பா?"

அவள் குரல் வந்தது. உதடு அசையாமல் பேசுகிறமாதிரி, போனுக்கு வெகு அருகில்.

"அம்மா... போன்ல பேசறதுதான் அப்பாவா?"

"ஆமாண்டா. நான்தாண்டா. ஓடு. ஓடுடா கண்ணு."

கையுறை போட்ட ஒரு கை வானத்துக்குக் குறுக்கே வந்து, கண்ணைப் பொத்துகிறமாதிரி திரையைப் பொத்தியது. மெதுவாக. படம் இருட்டானது, இணைப்பு அறுபடவில்லை. சீட்டின் ஸ்பிரிங் ஒரு தடவை அமுங்குவது கேட்டது. இன்னொரு தடவை, லேசாக, சின்ன எடைக்கு.

"சாவி," என்றது குரல். "நியூட்ரல். கிளட்ச். முதல் கியர். நேரா."

மாஸ்டர் இருட்டில் இரண்டு கையையும் நீட்டியபடி பிரேக், பிரேக் என்று கத்திக்கொண்டிருந்தார். பலகைகள் ஒவ்வொன்றாய் அதிர ஆரம்பித்தன. அந்தக் குரல் இப்போது அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை.